ஙுயெத்தின் முறை வரும் வரை

ஙுயெத் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு உதடு மட்டும் அசைய எதையோ சொல்லிப் பார்க்கிறாள். அவளுடைய அப்பா இன்று காலையில் இறந்துபோனார். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன், தோளை அசைத்தால் எனக்குள் இருப்பது தளும்பி வெளியே வந்துவிடும் போல. எதிரே மூடிய கதவு. அதற்குப் பின்னால் யாரோ இரண்டு பேர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், சொற்கள் கேட்கவில்லை, ஏற்ற இறக்கம் மட்டும் கேட்கிறது. இன்றைக்குக் கடைசித் தேர்வு, பேச்சுத் தேர்வு. இருவர் இருவராக உள்ளே போய்த் தேர்வாளர்கள் முன்னால் உரையாட வேண்டும், நன்றாகப் பேசும் ஜோடிக்குத் தைவானில் இதே கல்லூரியில் ஒரு வருஷம் தங்கிப் படிக்க இடம். கோடை விடுமுறைக்கு ஆங்கிலம் பழக என்று எங்கெங்கோ இருந்து மாணவர் பரிமாற்றத்தில் வந்திருக்கும் அத்தனை பேருக்கும் அந்த ஒரு வருஷத்தின் மேல்தான் கண். எனக்கும்தான். இவளுக்கும்தான். இப்போது உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்ததும் ஒரு ஜப்பான் பையனும் இந்தோனேசியப் பெண்ணும், அவர்களுக்கு அப்புறம் நாங்கள். அந்த ஜப்பான் பையன் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறான், அவன் ஆட்டுவதில் நாற்காலி வரிசையே ஆடுகிறது, நிறுத்தடா என்று எந்த மொழியில் சொல்வது. வெயில் வராந்தாவின் பாதிவரை வந்துவிட்டது. நம்ம ஊர் வெயில்தான், ஆனால் இங்கே வேர்வை காய்வதில்லை, மேலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. தலை கனக்கிறது. இவள் தலை. ஷாம்பு வாசனை. காலையில் குளித்த தலை, இவள் குளித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது, அதை நான் எடுத்திருக்கக் கூடாது.

எடுத்திருக்கக் கூடாது என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் எடுத்தாகிவிட்டது. கட்டிலில் கிடந்த இவள் போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்ந்து வந்தது, விழப்போகிறதே என்று பிடித்தேன், பிடித்த வேகத்தில் விரல் பச்சையை இழுத்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. திரையில் இவளுடைய அண்ணன் குவாங். அவர்கள் ஊரில் ஏதோ ஹோட்டலில் வேலை பார்க்கிறவர், எங்களைவிட நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர், போன வாரம்கூட 'இந்தியா, வெரி ஹாட்' என்று என்னைப் பார்த்துச் சிரித்தவர். இன்று அவருக்குப் பின்னால் நீளமாக ஒரு ஆஸ்பத்திரி நடை, பச்சைச் சுவர், தள்ளுவண்டி உருளும் சத்தம். ஙுயெத் எங்கே என்றார். பாத்ரூம் என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் 'ஃபாதர் டை' என்றார். எனக்கு விளங்கவில்லை. சத்தியமாக விளங்கவில்லை. டை என்றதும் எனக்குக் கழுத்தில் கட்டுகிற டை வந்தது, தலைக்குப் பூசுகிற டை வந்தது. 'சாரி, சே அகெய்ன் ப்ளீஸ்' என்றேன். விளங்கவில்லை என்றால் வெட்கப்படாமல் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். அவர் திரும்பச் சொன்னார். நான் திரும்பவும் சாரி, திரும்பவும் ப்ளீஸ். தன்னைப் பெத்த அப்பா செத்துப்போனதை ஒரு மனுஷனை மறுபடி மறுபடி சொல்லவைத்தேன், மரியாதை குறையாமல். கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டினார். அப்போதுதான் விளங்கியது. அவர் எனக்குச் சொல்லவா கூப்பிட்டார்? தினமும் இந்த நேரத்துக்கு அப்பா ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து இவளைக் கூப்பிடுவார், இன்று கூப்பிடவில்லை என்றால் இவளுக்குச் சந்தேகம் வரும், அப்பா தூங்குகிறார் என்று ஒரு வார்த்தை சொல்லி வைக்கக் கூப்பிட்டிருக்கிறார். பொய் சொல்லத் தயாராகி வந்த வாய், எதிரே தங்கச்சி இல்லாமல் வேறொருத்தி முகம் தெரிந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. உடனே பதறிப்போய் விரலை ஆட்டினார், 'நோ டெல் ஹெர். டெஸ்ட் ஃபினிஷ், ஐ டெல்.' நான் என்ன முகம் காட்டினேனோ, கொஞ்சம் தணிந்து, 'ஃபாதர் சே. பிஃபோர். ஃபாதர் சே நோ டெல்.' அப்பாவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தன் சாவைத் தானே ஒளித்துவைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தண்ணீர் நின்றது, கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது, நான் போனை வைத்துவிட்டேன்.

தலையில் துண்டோடு வந்தவள் போனைப் பார்த்து, அண்ணன் கூப்பிட்டானே என்று உடனே திரும்பக் கூப்பிட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒன்றுமில்லாத பையைக் குடைந்தேன். அவர்கள் மொழி எனக்கு ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் அந்த அண்ணனுடைய குரல், எவ்வளவு சாதாரணமாக வைத்திருந்தார், ஒரு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார், எப்படி முடிந்தது. போனை வைத்துவிட்டு இவள் என்னிடம் சொன்னாள், 'பிரதர் சே, ஃபாதர் ஸ்லீப். மெடிசின் குட்.' குட் என்றேன் நான். குட். மறைப்பதில் அதுதான் நான் செய்த முதல் காரியம். அப்புறம் இவள் சீப்பை நீட்டிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். என் பின்னல் இவளுக்குப் பிடிக்கும், இந்தியன் ஹேர் என்பாள், தேர்வுக்கு அப்படித்தான் பின்னிக்கொண்டு போக வேண்டும் என்று நேற்றே சொல்லி வைத்திருந்தாள். ஈரத்தோடு மூன்றாகப் பிரித்தேன். கை தானாகப் பின்னியது. கண்ணாடியில் இவள் முகம் தெரிந்தது, எனக்கு என் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை, ஏனென்றால் அந்த முகம் எனக்குத் தெரியும், அது எங்கள் சித்தியின் முகம்.

வேண்டாம், அங்கே போக வேண்டாம், வேறு எதையாவது நினை. இவள் பெயரை நினை. வந்த அன்றைக்கு எங்கள் டீச்சர் மிஸ் லின் வருகையை எடுத்தபோது இவள் பெயரில் வந்து தடுக்கி நின்றார், நியூ யெட் என்றார், நூகெட் என்றார், ஜப்பான் பையன்கள் எதையோ சொல்லிச் சிரித்தார்கள், இவள் எல்லாவற்றுக்கும் எஸ் எஸ் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த நான் மெதுவாகக் கேட்டேன், உன் பெயரை நீ சொல்லு. சொன்னாள். ஙுயெத். அட, நம்ம ங. ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் எழுதி எழுதி அழித்த எழுத்து, அதற்குப் பிறகு அதைத் தனியாக நிறுத்தி எதற்கும் எழுதியதே கிடையாது, ஒரு சொல்லின் முதலில் அதற்கு வேலை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. ஙுயெத் என்றேன், சரியாக வந்தது. இவள் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கல். மிஸ் லின் உட்பட எல்லோருக்கும் இவள் நியூ யெட், எனக்கு மட்டும் ஙுயெத். நிலா என்று அர்த்தமாம். நான் சண்முகக்கனி, கனி என்றால் பழம் என்றேன், மூனும் ஃப்ரூட்டும் ஃப்ரெண்ட்ஸ் என்றாள், அவ்வளவுதான், அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு. ஊரில் எனக்கு ஆங்கிலமே வராது. சிவகாசியில் கல்லூரியில் ஒரு செமினாருக்கு எழுந்து நின்று 'ரெஸ்பெக்டட்' என்று தொடங்கி அதற்கு மேல் போகாமல் நின்றதும், முன்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்ததும், அந்த மூக்குச் சத்தம் இன்றும் எனக்கு நடுமுதுகில் கேட்கும். இவள் முன்னால் அது கேட்டதில்லை. இவளுக்கும் எனக்கும் ஒரே அளவுதான் தெரியும். காலம் கிடையாது, நேற்று கோ, இன்று கோ, நாளை கோ. டுமாரோ ரெய்ன் கம், அம்ப்ரெல்லா டேக். அதிலேயே எவ்வளவு பேசியிருக்கிறோம். இவளுடைய ஊர் தண்ணீர் நிற்கிற வயல்கள், அப்பா வாத்து வளர்க்கிறவர், முழங்காலுக்கு மேல் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரப்பில் நின்று ஒரு குரல் கொடுப்பார், வயல் முழுக்கச் சிதறிக் கிடக்கும் வாத்துகள் அப்படியே அவரை நோக்கித் திரும்பும், அந்த வீடியோவை எத்தனை தரம் போட்டுக் காட்டியிருப்பாள். நுரையீரலில் கோளாறு, அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று இவள் அழுதபோது அவர்தான் பெட்டியைக் கட்டச் சொன்னாராம். அவர் சாகிறதற்கு முன்னால் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று இவள் நினைத்திருக்க மாட்டாளா? நினைத்திருப்பாள். அதை மட்டும் நாங்கள் பேசியதில்லை. அதற்கு எங்கள் ஆங்கிலத்தில் சொல் இருந்தது, நாங்கள்தான் பக்கத்தில் போகவில்லை.

கதவு திறக்கிறது, உள்ளே இருந்தவர்கள் வெளியே வருகிறார்கள், ஒருத்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். ஜப்பான் பையன் எழுந்து போகிறான். நாற்காலிகள் ஆட்டத்தை நிறுத்துகின்றன. அடுத்தது நாங்கள். அடுத்தது நாங்கள் என்றதும் பயம், இதே பயம் ப்ளஸ் டூ பரீட்சையில் பிசிக்ஸ் அன்றைக்கும் இருந்தது, ஆனால் அது வெறும் பரீட்சைப் பயம், நல்ல பயம். ஊரிலிருந்து பஸ் நேரத்துக்கு வராது என்று சாத்தூரில் சித்தி வீட்டில் தங்கி எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்தபோது சித்தி கண் வீங்கியிருந்தது. என்ன சித்தி என்றேன். 'வெங்காயம் உரிச்சேன் தாயி, நீ வா, தலய குனி' என்று சொல்லிப் பின்னிவிட்டது. எப்போதும் இழுத்துப் பின்னும், வலிக்கும், அன்றைக்கு வலிக்கவே இல்லை. சித்தப்பா பைக்கை எடுத்தவர் பஸ் ஸ்டாண்டு வழியாகப் போகாமல் ரயில்வே லைனை ஒட்டிய சந்துக்குள் விட்டார். ஏன் சித்தப்பா சுத்துறீங்க என்றதற்கு, 'அங்கன ரோட்டத் தோண்டிப் போட்டுருக்கான்' என்றார். தோண்டிப்போடவில்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் எங்கள் அப்பா படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. அப்பா மினி பஸ் ஓட்டுகிறவர், ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, விடிவதற்குள் டிரைவர்மார் எல்லாம் சேர்ந்து அடித்து ஒட்டிவிட்டார்கள். சாத்தூருக்கு வந்துபோகிற அத்தனை சனமும் அதைப் படித்திருக்கிறது. டீ குடித்துக்கொண்டே படித்திருக்கிறது. பரீட்சை ஹாலில் எனக்கு முன்பின் தெரியாத ஒரு டீச்சர் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முதுகில் லேசாகத் தட்டினார்கள், எவ்வளவு நல்ல டீச்சர் என்று நினைத்துக்கொண்டேன். நான் சந்தோஷமாக எழுதினேன். அதுதான். கேள்வித்தாள் லேசு, எல்லாம் தெரிந்தது, மேல்தாள் வாங்கி வாங்கி எழுதினேன், அந்த நேரம் அப்பாவை வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள், நான் காந்தப்புலத்துக்குப் படம் போட்டு ஸ்கேல் வைத்து அம்புக்குறி வரைந்துகொண்டிருந்தேன். வெளியே வந்தால் சித்தப்பா ஒரு காரோடு நின்றார். கார் எதற்கு என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு, ஜன்னல் பக்கம் ஏறிக்கொண்டேன், கேள்வித்தாளை மடிக்காமல் கையில் வைத்திருந்தேன், அப்பாவிடம் காட்ட. அவருக்கு அதில் ஒன்றும் புரியாது, ஆனாலும் வாங்கி மேலிருந்து கீழாகப் பார்ப்பார். தெரு திரும்பியதும் கொட்டுச் சத்தம்.

அம்மா பிற்பாடு கேட்டது ஒரே கேள்வி. நான் ஒரு மாசம் யாரோடும் பேசவில்லை, சித்தியோடு ஒரு வருஷம், அப்போது அம்மா கேட்டது, 'சொல்லியிருந்தா எழுதியிருப்பியா?' எழுதியிருப்பேனா. எழுதியிருக்க மாட்டேன். எழுதியிருப்பேனோ என்னவோ. யாருக்குத் தெரியும், எனக்கே தெரியாமல் ஆக்கிவிட்டார்களே. அந்த மார்க்கில்தான் கல்லூரியில் இடம் கிடைத்தது, கல்லூரியில்தான் இந்தப் பரிமாற்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள், அவர்கள் மறைத்ததால்தான் நான் இந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன், இந்தப் பெண் என் தோளில் சாய்ந்திருக்கிறாள். அப்படியானால் மறைத்தது சரியா? சரி என்றால் எனக்கு ஏன் சந்தோஷமாக எழுதிய அந்த மூன்று மணி நேரத்தை நினைத்தாலே உடம்பு கூசுகிறது, தெருவில் துணி இல்லாமல் நடந்துவிட்டு அப்புறம் தெரிந்துகொண்டது மாதிரி. இவளிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லக் கூடாது, இவள் அப்பா சொல்லியிருக்கிறார், என் அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை, இவள் அப்பா வாயாலேயே சொல்லியிருக்கிறார், நான் யார் நடுவில். இன்னும் கொஞ்ச நேரம்தானே, உள்ளே போய் வந்துவிட்டால் குவாங் சொல்லிவிடப் போகிறார், அதற்குள் என்ன அவசரம். இடம் கிடைத்தால் இவளுக்கு ஒரு வருஷம். எனக்கும் ஒரு வருஷம். ஆமாம், எனக்கும். சொல்லிவிட்டால் இவள் பேசமாட்டாள், இவள் பேசாவிட்டால் எனக்கும் போச்சு, ஜோடித் தேர்வு. அதனால்தானா? காலையிலிருந்து இவள் அப்பா பேச்சையும் அண்ணன் பேச்சையும் சாக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதனால்தானா? இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளுக்குள்ளேகூட வரவில்லை.

'கனி, யூ ஆஸ்க்' என்று ஙுயெத் நிமிர்ந்து உட்காருகிறாள். பழகிப் பார்க்க வேண்டுமாம். நான் கேட்க வேண்டும், இவள் சொல்ல வேண்டும், தப்பு வந்தால் நான் திருத்த வேண்டும். எதைக் கேட்பது, குடும்பத்தைப் பற்றி வேண்டாம், ஊரைப் பற்றி வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை ஆபத்தில்லாதது, 'லாஸ்ட் சண்டே வாட் யூ டூ?' என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடற்கரைக் கோட்டைக்குப் போனோம், மாம்பழ ஐஸ் தின்றோம், அதைச் சொல்லுவாள் என்றுதான். இவள் கண்ணை மேலே தூக்கி யோசித்துவிட்டு, 'லாஸ்ட் சண்டே ஐ கால் மை ஃபாதர். மை ஃபாதர் இஸ் ஈட் ரைஸ் சூப். மை ஃபாதர் இஸ் வெரி ஹேப்பி' என்கிறாள். மிஸ் லின் கையில் தண்ணீர் பாட்டில்களோடு வராந்தாவில் வந்துகொண்டிருந்தவர் நின்று, சிரித்த முகமாக, 'வாஸ். லாஸ்ட் சண்டே, ரைட்? மை ஃபாதர் வாஸ் ஈட்டிங். மை ஃபாதர் வாஸ் வெரி ஹேப்பி' என்று திருத்திவிட்டுப் போகிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. இலக்கணம் அது. ஙுயெத் சமர்த்தாகத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள், 'மை ஃபாதர் வாஸ். மை ஃபாதர் வாஸ்,' ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லை அழுத்தி, பல்லுக்கிடையே காற்று விட்டு, சரியா என்று என்னைப் பார்க்கிறாள். நான் அந்தப் பக்கம் திரும்புகிறேன். கீழே ஆலமரத்தடியில் யாரோ ஸ்கூட்டரை எடுக்க முடியாமல் உதைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு தடவை சொன்னால் நான் கத்திவிடுவேன். சொல்லாதே. சொல்லாதே ஙுயெத். சொல்கிறாள்.

கதவு திறந்தது. ஜப்பான் பையன் வெளியே வந்து நெற்றியைத் துடைத்தான், உள்ளேயிருந்து எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஙுயெத் எழுந்து சட்டையை இழுத்துவிட்டு, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, கை வேர்வையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, 'கனி, கம்' என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். 'கனி?' என்று குனிந்து என் முகத்தைப் பார்த்தாள், 'யூ சிக்?' இல்லை என்று தலையாட்டினேன். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த எந்தச் சொல்லும் இல்லை என்னிடம், சொல்லுகிற முறை என்று ஒன்று இருக்கும், நல்ல ஆங்கிலத்தில் அதற்கு மெத்தென்று சொற்கள் இருக்கும், எனக்குத் தெரிந்தது அந்த அண்ணன் சொன்னது மட்டும்தான். 'மார்னிங் யுவர் பிரதர் கால். யூ பாத்ரூம். ஐ டேக் போன்' என்றேன். சரி, அதனால் என்ன என்பதுபோல் நின்றாள். 'ஃபாதர் நாட் ஸ்லீப்' என்றேன். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு, விளங்காதபோது சிரிக்கிற சிரிப்பு, எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான சிரிப்பு. நான் அவள் கையைப் பிடித்தேன். 'ஃபாதர் டை, ஙுயெத். டுடே மார்னிங்.' சிரிப்பு அப்படியே நின்றது, எடுக்க மறந்துபோனது மாதிரி. கண் மட்டும் என் வாயைப் பார்த்தது. அது திரும்பச் சொல்லும் என்று காத்திருப்பதுபோல் வெகுநேரம் பார்த்தது, நான் சொல்லவில்லை. மெல்லக் கையை உருவிக்கொண்டாள். சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்காரப் போனேன், கையை நீட்டித் தடுத்தாள். 'மார்னிங் யூ நோ?' என்றாள். எஸ். 'யூ டூ மை ஹேர், யூ நோ?' எஸ். 'பிரேக்ஃபாஸ்ட், யூ நோ?' எஸ் என்றேன். அவள் குரல் உடைந்தது, 'வொய் யூ நோ ஃபர்ஸ்ட்? மை ஃபாதர். வொய் யூ நோ ஃபர்ஸ்ட்?'

இந்தக் கேள்வியை நான் சித்தியிடம் கேட்டிருக்க வேண்டும், சித்தப்பாவிடம், அந்தத் தண்ணீர் டீச்சரிடம், போஸ்டர் பார்த்த அத்தனை பேரிடமும் கேட்டிருக்க வேண்டும், கேட்கத் தெரியாமல் வெறுமே பேசாமல் இருந்தேன். இவள் கேட்டுவிட்டாள், என்னிடம். 'பிரதர் சே நோ டெல். யுவர் ஃபாதர் சே நோ டெல்' என்றேன். அப்பா என்றதும் நிமிர்ந்தாள். அவர் சொன்னாரா? சொன்னார். தேர்வு முடியட்டும் என்றா? ஆமாம். அவள் தலையைப் பின்னால் சுவரில் சாய்த்தாள், மூக்கு சிவந்து கண்ணீர் காதுப்பக்கம் இறங்கியது, அதற்குள் ஒரு சிரிப்பும் வந்து மாட்டிக்கொண்டது, 'ஆல்வேஸ் ஹீ டூ லைக் திஸ்,' என்றாள், 'ஆல்வேஸ்.' மிஸ் லின் ஓடிவந்தார், என்ன ஆச்சு, உள்ளே கூப்பிடுகிறார்களே என்றார். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது, வாக்கியம் சரியா தப்பா என்று பார்க்காமல் சொல்லி முடித்திருந்தேன். மிஸ் லின் பாட்டில்களைத் தரையில் வைத்துவிட்டு ஙுயெத்தின் பக்கத்தில் மண்டியிட்டார். அவள் அவரிடம் போன் கேட்டாள், வகுப்பு நாளில் எங்கள் போன்களை அறையில்தான் வைக்க வேண்டும். அவர் தன்னுடையதை எடுத்துத் திறந்து கொடுத்தார். எண்ணைப் பார்க்காமலே அழுத்தி அம்மாவைக் கூப்பிட்டாள். எடுத்ததும் அந்தப் பக்கம் கேட்ட குரல், அதற்கு எந்த மொழியும் இல்லை, அன்றைக்குக் கார்க் கதவைத் திறந்தபோது நான் கேட்ட அதே குரல். ஙுயெத் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அப்புறம் பேசினாள், அழுதாள், இடையில் கோபமாக எதையோ கேட்டாள், அண்ணன் குரல் வந்தது, அவரைப் பேசவிடவில்லை, திரும்பவும் அம்மாவைக் கொடுக்கச் சொன்னாள் போல.

பேசி முடித்தபோது வெயில் நாற்காலிகளுக்கு மேல் ஏறியிருந்தது. எங்களைத் தாண்டி வேறு ஜோடி உள்ளே போயிருந்தது. மிஸ் லின் என்னைத் தனியே கூப்பிட்டார். ஙுயெத்தை இன்று மாலையே அனுப்பிவைக்க ஏற்பாடு செய்கிறேன், அவளுடைய தேர்வைப் பற்றி மேலே பேசிப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றார். தேர்வாளர்கள் இன்று மதிய ரயிலில் கிளம்புகிறார்கள், ஆனால் நீ ஏன் விட வேண்டும், இவர்கள் முடித்ததும் நீ வா, உன்னோடு ஜோடியாக நான் உட்கார்ந்து பேசுகிறேன், கேட்டுவிட்டேன், சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்றார். நல்லவர். எனக்கு அந்த ஒரு வருஷம் வேண்டும். இப்போதும் வேண்டும், இந்த நிமிஷத்திலும், அதுதான் அசிங்கமாக இருந்தது, ஆனால் வேண்டும். கதவைப் பார்த்தேன். திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் எங்களைப் பார்க்கவில்லை, பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், நான் காலையில் போட்ட பின்னல், ஒவ்வொரு புரியாக, அவசரமில்லாமல். நோ மிஸ், தாங்க்யூ மிஸ் என்றேன். யோசித்துச் சொல் என்றார். யோசிக்கவில்லை. யோசித்தால் போய்விடுவேன்.

அவள் பக்கத்தில் போய் நின்றேன். உட்காரலாமா என்று தெரியவில்லை. அவள் முடியைப் பிரித்துவிட்டுக்கொண்டே சொன்னாள், 'பிரதர் வெரி ஆங்க்ரி யூ.' 'யூ?' என்றேன். 'மீ ஆல்சோ ஆங்க்ரி. டுடே ஆங்க்ரி. டுமாரோ, ஐ டோன்ட் நோ.' சரி என்று தலையாட்டினேன், வேறென்ன செய்வது. அறைக்குப் போய் உன் துணியை எடுத்து வைக்கட்டுமா என்று கேட்கலாம் என்று திரும்பினேன். 'நோ,' என்றாள் சட்டென்று, தரையைத் தட்டி, 'யூ சிட்.' உட்கார்ந்தேன். பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தாள், ஆங்கிலத்தில் இல்லை, அவளுடைய பாஷையில், வேகமாக, நடுவில் மூச்சு வாங்கி, சில இடங்களில் நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்து, எனக்கு எல்லாம் விளங்குகிறது என்பதுபோல. ஒரு சொல்கூட எனக்குத் தெரியவில்லை. ம் என்றேன். அவள் மேலே சொன்னாள்.